தீப்பெட்டி ஆபீஸும் 1938-ம் வருஷத்துச் சட்டமும்

போன வாரம் ராத்திரி கரண்ட் போன நேரத்தில் மெழுகுவர்த்தி ஏத்த தீப்பெட்டி தேடினேன். வீட்டில் இல்லை. தெருமுனைக் கடையில் வாங்கினேன், இரண்டு ரூபாய். 2021 டிசம்பர் 1-ம் தேதி வரைக்கும் அது ஒரு ரூபாய்தான். அந்த ஒரு ரூபாயும் 2007-ல் வைத்த விலை. பதினாலு வருஷம் விலையே ஏறாத பொருள் வேறு ஏதாவது ஞாபகம் வருகிறதா? எனக்கு வரவில்லை.

இருட்டில் உட்கார்ந்து யோசித்தபோது தோன்றியது இதுதான்: ஒரு பொருளோட விலை ஏறாம நிக்கணும்னா, அதைச் செய்யற இடத்தில் வேற ஏதோ ஒண்ணு இறங்கியாகணும். தீப்பெட்டி விஷயத்தில் அப்படி ரொம்ப காலமா இறங்கிக் கிடந்தது என்னன்னு சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டிப் பக்கத்து ஆளுங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. மத்தவங்களுக்காக இந்தப் பதிவு. கொஞ்சம் நீளம். டீ எடுத்துட்டு வந்து உக்காருங்க.

எங்க ஊர் சாத்தூர் பக்கத்துக் கரிசக்காட்டுக் கிராமம். அங்கே யாரும் 'தீப்பெட்டித் தொழிற்சாலை' என்று சொல்லமாட்டார்கள். 'தீப்பெட்டி ஆபீஸ்'தான். "அவ ஆபீஸுக்குப் போயிட்டா" என்றால் ஏதோ கலெக்டர் ஆபீஸ் என்று வெளியூர்க்காரர்கள் நினைப்பார்கள் :-) என் பெரியம்மா மகள், எனக்கு அக்கா முறை, 1983-ல் ஆபீஸுக்குப் போனாள். வயசு ஒன்பது. விடியுமுன்னே ஆபீஸ் பஸ் வந்து ஊர் எல்லையில் ஹாரன் அடிக்கும். தூக்குவாளியோடு அக்காவும் அவள் ஜோட்டுப் பிள்ளைகளும் ஓடுவார்கள். அதே பஸ் இருட்டின பிறகு கொண்டுவந்து விடும். நான் அப்போது ரொம்பச் சின்னவன். பஸ்ஸில் போகிற அக்காவைப் பார்த்துப் பொறாமைப்பட்டேன் என்பதை இப்போது எழுதவே கூச்சமாக இருக்கிறது.

சரி, வரலாற்றுக்கு வருவோம்.

சிவகாசியில் இருந்து பி. அய்ய நாடாரும் அ. சண்முக நாடாரும் கல்கத்தா போய் தீப்பெட்டி செய்யக் கற்றுக்கொண்டு 1923 வாக்கில் ஊர் திரும்பித் தொழில் ஆரம்பித்த கதை பலருக்கும் தெரிந்திருக்கும். அதே 1923-ல்தான் ஸ்வீடன் தீப்பெட்டிக் கம்பெனி இந்தியாவில் 'விம்கோ'வைத் தொடங்கியது. ஒரு பக்கம் உலகச் சந்தையையே கையில் வைத்திருந்த கம்பெனி, அதன் இயந்திரங்கள். இன்னொரு பக்கம் மழை பொய்க்கிற மானாவாரி பூமி, காய்ந்த காற்று, வேலைக்கு ஏங்கி நிற்கிற கைகள். காய்ந்த காற்று தீக்குச்சிக்கு நல்லது. ஏங்கி நிற்கிற கைகள் முதலாளிக்கு நல்லது.

இந்தப் போட்டியில் சிவகாசி தாக்குப்பிடித்ததே ஒரு பெரிய சாதனைதான், அதில் எனக்குச் சந்தேகமில்லை. தண்ணியில்லாக் காட்டில் தீப்பெட்டி, பட்டாசு, அச்சு என்று மூணு தொழிலை நிறுத்திக் காட்டியவர்கள். 'குட்டி ஜப்பான்' என்று பேர் வாங்கியது சும்மா இல்லை.

தாக்குப்பிடிக்க அரசாங்கமும் உதவியது. 1934-ல் தீப்பெட்டிக்கு எக்சைஸ் வரி வந்தது. சுதந்திரத்துக்குப் பிறகு, கையால் செய்கிற சின்ன யூனிட்டுகளுக்கு வரி குறைவு, இயந்திரத்தில் செய்கிற பெரிய கம்பெனிக்கு வரி அதிகம் என்று வைத்தார்கள். நோக்கம் நல்ல நோக்கம்: இயந்திரம் பத்துப் பேர் வேலையைத் தின்றுவிடும், கைத்தொழில் கிராமத்துக்கே சோறு போடும். எத்தனை பேருக்கு வேலை கிடைக்கும் என்று டில்லியில் கணக்குப் போட்டார்கள். அந்த வேலை எப்படிப்பட்டது, யார் செய்கிறார்கள், என்ன கூலி, எத்தனை மணி நேரம் என்ற கேள்விகளுக்கு அந்தக் கணக்கில் இடமே இல்லை. வரிச்சலுகைக்காக ஒரு யூனிட்டை நாலாக உடைத்து நாலு பேர் பெயரில் நடத்துவது வழக்கமானது. சின்னதாக உடைய உடைய, தொழிற்சாலைச் சட்டத்தின் கண்ணிலிருந்தும் நழுவ முடிந்தது. கூலியோ குரோஸ் கணக்கு, கட்டைக் கணக்கு. ஒரு பெரியவள் பகல் முழுக்க அடுக்கினாலும் வீட்டுக்குப் போதாது. போதாத மிச்சத்தை யார் ஈடுகட்டுவது? வீட்டில் இருக்கிற அடுத்த கை.

சட்டம் இல்லையா என்று கேட்கலாம். நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன், 1986-க்கு அப்புறம்தான் சட்டமே வந்தது என்று. தேடிப் படித்தபோது ஆடிப்போய்விட்டேன்.

இந்தியாவின் முதல் தொழிற்சாலைச் சட்டம் 1881. ஏழு வயசுக்குக் கீழே வேலைக்கு வைக்கக்கூடாது, ஏழு முதல் பன்னிரண்டு வரை ஒன்பது மணி நேரத்துக்கு மேல் கூடாது என்றது. (ஏழு வயசுப் பிள்ளைக்கு ஒன்பது மணி நேரம், அதுதான் சீர்திருத்தம்!) 1919-ல் சர்வதேசத் தொழிலாளர் அமைப்பு, அதாவது ஐ.எல்.ஓ., பிறந்தது. முதல் மாநாட்டிலேயே தொழில்களில் குறைந்தபட்ச வயது 14 என்று ஒப்பந்தம் போட்டார்கள். ஆனால் அதிலேயே இந்தியாவுக்குத் தனி விதி: இங்கே 12 போதும். அதுவும் விசையால் இயங்கி, பத்துப் பேருக்கு மேல் வேலை செய்கிற ஆலைகள், சுரங்கம், ரயில், துறைமுகம் இவற்றில்தான். கவனிங்க, 'விசையால் இயங்கும்'. கையால் குச்சி அடுக்குகிற கொட்டகை அதில் வராது.

அடுத்தது 1938. குழந்தைகள் வேலைவாய்ப்புச் சட்டம் என்று ஒன்று. பன்னிரண்டு வயது நிரம்பாத குழந்தையை இந்தந்தத் தொழில் நடக்கும் பட்டறைகளில் வேலைக்கு வைக்கக்கூடாது என்று ஒரு பட்டியல் போட்டது. பீடி, கம்பளம், சிமெண்ட், தோல் பதனிடுதல் எல்லாம் இருக்கிற அந்தப் பட்டியலில் தீப்பெட்டி, வெடிமருந்து, பட்டாசு மூன்றும் இருக்கின்றன!

அதன் பிறகு 1948 தொழிற்சாலைச் சட்டம், வயது 14. 1950-ல் அரசியல் சட்டத்தின் 24-வது பிரிவு: பதினாலு வயசுக்குட்பட்ட குழந்தை தொழிற்சாலையிலோ சுரங்கத்திலோ ஆபத்தான வேலையிலோ இருக்கக்கூடாது.

ஆக, 1983-ல் எங்க அக்கா இருட்டில் தூக்குவாளியோடு ஓடினபோது, அவள் செய்த வேலை 45 வருஷமாகத் தடை செய்யப்பட்ட வேலை. அவளைப் பெத்த எங்க பெரியம்மா பிறப்பதற்கு முன்னாலேயே போட்ட தடை. அந்தச் சட்டத்திலும் ஒரு ஓட்டை உண்டு, வீட்டு ஆளுங்களை வைத்து நடத்தும் பட்டறைக்கு விலக்கு. 1986-ல் வந்த குழந்தைத் தொழிலாளர் சட்டமும் அந்த ஓட்டையை அப்படியே வைத்துக்கொண்டது. பெட்டி ஒட்டுகிற வேலை வீடு வீடாக நடந்ததால், பள்ளிக்கூடம் விட்டு வந்து பசைக்கிண்ணத்தோடு உட்கார்ந்த நானெல்லாம் கணக்கிலேயே வரமாட்டேன்.

இதில் இன்னொரு விஷயம் என்னை ரொம்ப உறுத்துகிறது. பிள்ளைகளைப் பள்ளிக்கூடத்துக்கு இழுக்க மதிய உணவு போட்ட காமராஜர் பிறந்தது இதே விருதுநகரில். படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு மாமா துணிக்கடைக்கு வேலைக்குப் போன பையன் அவர். 1985-ல் இந்தப் பகுதியைத் தனியாகப் பிரித்துக் 'காமராஜர் மாவட்டம்' என்றே பேர் வைத்தார்கள். அதே 1985 டிசம்பர் 31-ம் தேதிக் கணக்கு ஒன்று பின்னால் உச்ச நீதிமன்றத் தீர்ப்பில் வருகிறது: சிவகாசிப் பகுதியில் பதிவு பெற்ற 221 தீப்பெட்டித் தொழிற்சாலைகள், 27,338 தொழிலாளர்கள், அதில் 2,941 பேர் குழந்தைகள். இது பதிவு பெற்ற இடங்களின் கணக்கு மட்டும். வெளியே பதிவில்லாமல் இருந்ததைச் சேர்த்து ஆய்வாளர்கள் சொன்னது பல பத்தாயிரங்கள்.

1982 ஜூலையில் எம்.ஜி.ஆர். சத்துணவு கொண்டுவந்துவிட்டார். அப்புறமும் ஏன் அக்கா ஆபீஸுக்குப் போனாள்? இதை அவளிடமே போனில் கேட்டேன்.

"தம்பி, பள்ளிக்கூடத்துல எனக்குச் சோறு போட்டாங்க, சரி. வீட்டுல இருந்த நாலு பேருக்கு? அய்யா அட்வான்ஸ் வாங்கிட்டாரு. வாங்கினா ஆள் அனுப்பணும்ல."

பஸ், அட்வான்ஸ், ஊருக்கு ஒரு ஏஜெண்ட். மொத்த ஏற்பாடும் இந்த மூன்றில் அடங்கிவிடும். இந்தக் காலத்தில்தான் வெளியுலகமும் எட்டிப்பார்க்க ஆரம்பித்தது. 1983-ல் ஸ்மிது கோத்தாரி 'எகனாமிக் அண்ட் பொலிட்டிகல் வீக்லி'யில் எழுதிய கட்டுரை, 1990-ல் சலம் பென்னூர்கர் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படம் இரண்டும் முக்கியமானவை. மைரன் வீனர் என்கிற அமெரிக்கப் பேராசிரியர் 1991-ல் ஒரு புத்தகமே எழுதினார். அவர் வாதம் சுருக்கமாக: வறுமை ஒழிந்த பிறகு குழந்தைத் தொழில் ஒழியும் என்று காத்திருந்த நாடு எதுவும் ஜெயிக்கவில்லை, கட்டாயக் கல்வியை முதலில் கொண்டுவந்த நாடுகள்தான் ஜெயித்தன. நம்ம அதிகாரிகளும் படித்தவர்களும் 'ஏழைப்பிள்ளை வேலை செஞ்சாத்தானே பிழைக்கும்' என்று மனதுக்குள் நம்பியதே தடை என்றார். படிக்கும்போது எனக்குக் கோபம் வந்தது. அப்புறம் எங்க ஊர் வாத்தியார்கள் சிலர் பேசினது ஞாபகம் வந்தது. கோபம் அடங்கிவிட்டது.

அப்போது எல்லா முதலாளிகளும் சொன்ன ஒரு காரணம் உண்டு: 'சின்ன விரல்தான் வேகமா அடுக்கும்'. ஒரு சட்டத்தில் ஏறக்குறைய ஐம்பது கட்டை, கட்டைக்கு ஏறக்குறைய ஐம்பது குச்சி. ஒவ்வொரு குச்சியும் தனித்தனியாக நிக்கணும், ஒண்ணோடொண்ணு ஒட்டினால் மருந்து முக்கும்போது கெட்டுப்போகும். பெரிய விரலால் முடியாதாம். இதற்குப் பதில் வரலாறே சொல்லிவிட்டது. பிள்ளைகள் விலகின பிறகும் கட்டை அடுக்குவது நிற்கவில்லை. முப்பது, நாப்பது வயசுப் பொம்பளைங்க உட்கார்ந்து அதே வேகத்தில் அடுக்கினார்கள். எங்க அக்காவே கல்யாணத்துக்குப் பிறகும் அடுக்கினாள். சின்ன விரலின் விசேஷம் வேகம் இல்லை, கூலி. எதிர்த்துக் கேக்காத வாய் அதோடு சேர்த்து இனாம்.

எம்.சி. மேத்தா என்கிற வழக்கறிஞர் (கங்கை வழக்கு, தாஜ்மகால் வழக்கு போட்ட அதே மேத்தாதான்) சிவகாசிக் குழந்தைகளுக்காக உச்ச நீதிமன்றம் போனார். 1990-ல் ஒரு உத்தரவு வந்தது. 1991-ல் சிவகாசிப் பட்டாசு ஆலை ஒன்றில் பெரிய விபத்து. குழந்தைகளும் செத்தார்கள். 39 பேர் இறந்ததாகத் தமிழக அரசே நீதிமன்றத்தில் சொன்னது. நீதிமன்றம் தானாகவே அதைக் கையில் எடுத்து, வழக்கறிஞர்கள் குழுவைச் சிவகாசிக்கு அனுப்பியது. கடைசியில் 1996 டிசம்பர் 10-ம் தேதி தீர்ப்பு. நீதிபதிகள் குல்தீப் சிங், ஹன்சாரியா, மஜ்முதார்.

இந்தத் தீர்ப்பைத் தடை உத்தரவு என்றுதான் பலர் நினைத்திருக்கிறோம். அதில் எனக்குப் பிடித்தது வேறு. வேலைக்கு வைத்த ஒவ்வொரு குழந்தைக்கும் முதலாளி 20,000 ரூபாய் நிதியில் கட்டணும். அந்தக் குழந்தை விட்ட இடத்துக்கு ஈடாக, அந்த வீட்டில் ஒரு பெரியவருக்கு அரசு வேலை ஏற்பாடு செய்யணும். முடியாவிட்டால் அரசு தன் பங்காக 5,000 போடணும். மொத்தம் 25,000, அதன் வட்டி, பிள்ளை பள்ளிக்கூடம் போகிற வரைக்கும் குடும்பத்துக்கு. 1938-ல் இருந்து வந்த சட்டங்கள் எல்லாம் பிள்ளையோட வயசை மட்டும்தான் பார்த்தன. இந்தத் தீர்ப்புதான் பிள்ளைக்குப் பின்னால் வேலை இல்லாமல், அல்லது வேலை இருந்தும் கூலி இல்லாமல், நிற்கிற அப்பன் ஆத்தாளைப் பார்த்தது.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்க. 25,000-க்குப் பத்து சதவீத வட்டி என்றாலும் வருஷத்துக்கு 2,500, மாசம் 208 ரூபாய். இதை அக்காவிடம் சொன்னேன். "நாங்க ரெண்டு பேரு போனோம், எங்களுக்கு எந்தக் காசும் வரல" என்று சிரித்தாள். தீர்ப்பு வந்தபோது அவளுக்கு 22 வயசு.

மாற்றம் வரவே இல்லை என்று சொல்லமாட்டேன். வந்தது. 1988-ல் முதலில் ஒன்பது மாவட்டங்களில் ஆரம்பித்த தேசியக் குழந்தைத் தொழிலாளர் திட்டத்தின் சிறப்புப் பள்ளிகள், சத்துணவு, கோர்ட்டு பயம், ரெய்டு, இலவச பஸ் பாஸ், தாய்மார்களின் வைராக்கியம் எல்லாம் சேர்ந்துதான் கொண்டுவந்தது. 2002-ல் கல்வி அடிப்படை உரிமையாகி, 2010 ஏப்ரல் 1-ல் சட்டம் நடைமுறைக்கு வந்தது. எங்க ஊர் எல்லையில் பிள்ளைகளை ஏத்தின அந்த இருட்டு பஸ் நின்று போய் ரொம்ப காலம் ஆகிறது. அந்த நேரத்தில் இப்போது மில்க் வண்டி வருகிறது.

1999-ல் ஐ.எல்.ஓ. தலைவர் ஹுவான் சோமாவியா ஒரு புதுச் சொல்லைக் கொண்டுவந்தார். தமிழில் 'கண்ணியமான வேலை' என்கிறோம். வேலை இருக்கா என்று மட்டும் கேட்காதே, நியாயமான கூலி, பாதுகாப்பு, சங்கம் வைக்கிற உரிமை, மரியாதை இருக்கா என்று கேள் என்பதுதான் சாரம். எக்சைஸ் வரி போட்டபோது கேட்காமல் விட்ட அதே கேள்விகள்! 2020 ஏப்ரலில் கையால் செய்த தீப்பெட்டிக்கும் இயந்திரத் தீப்பெட்டிக்கும் ஒரே ஜி.எஸ்.டி. என்றாகி அந்தப் பழைய வித்தியாசம் போனது. இன்று குச்சி அடுக்குவது பெரும்பாலும் இயந்திரம்.

கேள்விகள் மட்டும் போகவில்லை. ஒன்பது வயசுப் பிள்ளை ஆபீஸ் போகாமல் தப்பித்தாள். அவளுக்குப் பதினாறு ஆனபோது 'சுமங்கலித் திட்டம்' என்று இன்னொரு வண்டி வந்து நின்றது. மூணு வருஷம் நூற்பாலையில் இரு, ஹாஸ்டலை விட்டு இஷ்டத்துக்கு வெளியே போகாதே, முடித்தால் கல்யாணத்துக்கு மொத்தமாக ஒரு தொகை, நடுவில் கிளம்பினால் அதுவும் போச்சு. 2000-களில் எங்க பக்கத்துக் கிராமங்களில் இருந்தெல்லாம் கோயம்புத்தூர், திண்டுக்கல் பக்கம் அனுப்பினார்கள். 2016 திருத்தச் சட்டம் பதினாலு முதல் பதினெட்டு வரையில் உள்ளவர்களுக்கு வெடிமருந்து, சுரங்கம் மாதிரி ஆபத்தான வேலைகளை மட்டும் தடுத்தது. பதினாலுக்குக் கீழே எந்த வேலையும் கூடாது என்றது, ஆனால் பள்ளி நேரம் போக 'குடும்பத் தொழிலில் உதவி' என்ற பழைய ஓட்டை அதிலும் இருக்கிறது. 2017-ல்தான் இந்தியா ஐ.எல்.ஓ.வின் இரண்டு குழந்தைத் தொழில் ஒப்பந்தங்களிலும் கையெழுத்திட்டு ஏற்றது. பெரியவர்களுக்கு மட்டும் பாதுகாப்பா என்றால் அதுவும் இல்லை. 2012 செப்டம்பர் 5, முதலிப்பட்டி பட்டாசு ஆலை வெடிப்பில் முப்பதுக்கும் மேல் செத்தார்கள்.

2025-க்குள் உலகத்தில் குழந்தைத் தொழிலை எல்லா வடிவத்திலும் ஒழிப்போம் என்று ஐ.நா. இலக்கு வைத்திருந்தது. அந்த வருஷம் ஐ.எல்.ஓ.வும் யுனிசெஃபும் சேர்ந்து வெளியிட்ட கணக்கு: இன்னும் 13 கோடியே 80 லட்சம் குழந்தைகள். அதில் 5 கோடியே 40 லட்சம் பேர் ஆபத்தான வேலையில்.

போனை வைக்கும் முன் அக்கா மகனைப் பற்றிக் கேட்டேன். இன்ஜினியரிங் முடித்து மூணு வருஷம் ஆகிறது. கல்விக்கடன் ஓடுகிறது. இப்போது மதுரையில் பைக்கில் சாப்பாட்டுப் பொட்டலம் கொண்டுபோய்க் கொடுக்கிறான். ஆர்டர் கணக்கில் காசு. பி.எஃப். கிடையாது, விழுந்தால் ஆஸ்பத்திரிச் செலவு சொந்தச் செலவு.

"எனக்கு வேலை இருந்துச்சு, பள்ளிக்கூடம் இல்ல. இவனுக்குப் பள்ளிக்கூடம் இருந்துச்சு, வேலை இல்ல. அவன் கணக்கைப் பார்த்தா எனக்குக் கட்டைக் கணக்குதாம்பா ஞாபகம் வருது" என்றாள். கொஞ்ச நேரம் கழித்து, "ஆனா அவன் ஒன்பது வயசுல நல்லாத் தூங்கினான். அது போதும்" என்றாள்.

எனக்கு அது போதும் என்று படவில்லை. உங்களுக்கு?

பி.கு.: சாத்தூர், சிவகாசி, கோவில்பட்டி, கழுகுமலைப் பக்கத்து நண்பர்கள் தங்கள் வீட்டுப் பெரியவர்களிடம் கேட்டு ஆபீஸ் பஸ் காலத்து நினைவுகளை எழுதினால் நல்லது. அந்தத் தலைமுறை இருக்கும்போதே எழுதிவிடணும்.